‘ஆதரவு தாருங்கள்’ என்று இனி எழுத வேண்டாம்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை நேரடி இசை நிகழ்ச்சி நடத்துகிறோம். ஒவ்வொரு முறையும் மூன்று உள்ளூர்க் குழுக்கள். எல்லாம் சொந்தப் பாட்டு. அரங்கில் நின்றபடி 120 பேர் கேட்கலாம். முதல் மாதம் 70 பேர் வந்தார்கள். பிறகு தேய்ந்து தேய்ந்து, கடந்த நான்கு மாதமாக 25 பேர்தான். அதிலும் பாதிப் பேர் மேடையேறும் குழுக்களின் நண்பர்கள். தங்கள் ஆள் வாசித்து முடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வலைத்தளத்தில் 200 பேர் ‘வருகிறேன்’ என்று அமுக்குகிறார்கள், வருவதில்லை. ‘உள்ளூர் இசைக்கு ஆதரவு தாருங்கள்’ என்று கெஞ்சிப் பதிவு போட்டும் பலன் இல்லை. நுழைவை இலவசமாக்கலாமா? ஒரு மாதம் இடைவெளி விடலாமா? இல்லை, எங்கள் ஊருக்கே ரசனை கிடையாதா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் கழித்துவிடுவோம். முதல் மாதம் 70 பேர் வந்த ஊரில் ரசனைக்குப் பஞ்சம் இல்லை. அந்த 70 பேரும் வீட்டைவிட்டுக் கிளம்பி, டிக்கெட் எடுத்து, உங்கள் அரங்கில் ஒரு மாலை நின்று பார்த்தவர்கள். பார்த்துவிட்டு, இன்னொரு முறை வேண்டாம் என்று பெரும்பாலோர் முடிவு செய்திருக்கிறார்கள். எட்டிக்கூடப் பார்க்காத ஊரைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு, வந்துபோனவர்கள் ஏன் திரும்பவில்லை என்று பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

‘ஆதரவு தாருங்கள்’ என்ற வாசகத்தையும் விட்டுவிடுங்கள். அதில் உண்டியல் குலுங்கும் சத்தம் கேட்கிறது. நல்ல பொழுது கிடைக்கும் என்று நினைத்து வருபவர் மறுபடியும் வருவார். கடமைக்காக வருபவர் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று போய்விடுவார்.

முதல் வேலை, வாசலில் ஒரு நோட்டு. டிக்கெட் கிழிப்பவர் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டுக் குறிக்கட்டும்: யாரைக் கேட்க வந்தீர்கள், இதற்கு முன் வந்ததுண்டா, எப்படித் தெரிந்தது. ஆளுக்கு 10 விநாடிதான் ஆகும். கூடவே, ஒவ்வொரு குழுவும் வாசிக்கும்போது பாதியில் ஒருமுறை அரங்கில் தலைகளை எண்ணிவிடுங்கள். 40, 28, 12 என்று இறங்கினால், கோளாறு மாலையின் அமைப்பில்: இடைவேளை நீளம், நேரம் கடப்பது, நண்பர்களோடு நண்பர்கள் கிளம்புவது. 10, 25, 40 என்று ஏறினால், முதல் குழுவைப் பலிகொடுக்கிறீர்கள். மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து, ஆனால் சிறியதாக இருந்தால் மட்டும்தான் விளம்பரத்தில் கைவைக்க வேண்டும். மூன்று நிகழ்ச்சிக்கு இந்த நோட்டு இருந்தால், நண்பர்கள் மூவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை போடுவதாவது நிற்கும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை என்று தோன்றுகிறது. ஆகவே நேரத்திலிருந்து தொடங்குவோம்.

போஸ்டரில் ‘மாலை 7 மணி’ என்று மட்டும் போட்டால், அது கதவு திறக்கும் நேரமா, பாட்டு தொடங்கும் நேரமா என்று யாருக்கும் தெரியாது. இரண்டுமுறை 7 மணிக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் கேபிள் இழுப்பதை வேடிக்கை பார்த்தவர் மூன்றாம் முறை 9 மணிக்கு வருவார், அல்லது வரவே மாட்டார். நேரத்தை நிமிடக் கணக்கில் அச்சிடுங்கள்: கதவு 7.00, முதல் குழு 7.30 முதல் 8.00, இரண்டாவது 8.20 முதல் 8.55, மூன்றாவது 9.15 முதல் 10.00. பத்து மணிக்கு முடியும் என்று அச்சில் இருந்தால், மறுநாள் வேலைக்குப் போகிறவரும், கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டியவரும், குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வருபவரும் துணிந்து வருவார்கள். அச்சிட்டபின் ஒருவருக்காகவும் காத்திருக்கக் கூடாது. ‘இன்னும் கொஞ்சம் ஆள் சேரட்டும்’ என்று 20 நிமிடம் தள்ளுவது, நேரத்துக்கு வந்தவருக்குத் தரும் தண்டனை. தாமதமாக வருபவருக்குத் தரும் பரிசு. அடுத்த மாதம் எல்லோரும் பரிசு வாங்கும் பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

20 நிமிடத்தில் குழு மாறுவது முடியாது என்பார்கள். முடியும், சாமான் பொதுவாக இருந்தால். டிரம்ஸ் ஒரே செட், பேஸ் கிட்டாருக்கான ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) ஒன்று, கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. இவை இரவு முழுக்க மேடையில் அசையாமல் நிற்கட்டும். டிரம்மர்கள் ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), கிக் பெடல் (பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் மிதி) மூன்றையும் சொந்தமாகக் கொண்டுவருவது வழக்கம். எளிதில் உடைவதும் தேய்வதும் அவைதான். கிட்டார்காரர்கள், ஒலியை மாற்றும் மிதிகள் கொண்ட பெடல் பலகையோடு வந்தால் போதும். இறங்கும் குழு முதல் ஐந்து நிமிடத்தில் தன் பொருளை மேடையைவிட்டு எடுத்துவிட வேண்டும். சுருட்டுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் மேடைக்குப் பின்னால். மேடையிலேயே கேபிளைச் சுருட்டிக்கொண்டு நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பதில்தான் உங்கள் 20 நிமிடம் 45 ஆகிறது.

சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது, தலைகீழ் வரிசையில் நடக்கட்டும். கடைசியில் வாசிக்கும் குழு முதலில் செக் செய்யும். முதலில் வாசிக்கும் குழு கடைசியில் செக் செய்யும். அப்போது முதல் குழுவின் அமைப்பு மேடையில் அப்படியே இருக்கும், கதவு திறந்ததும் தொடங்கிவிடலாம். மிக்சர் (எல்லா ஒலியையும் கலந்து அளவு வைக்கும் கருவி) டிஜிட்டல் வகை என்றால் ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் சேமித்து வைக்கலாம். பழைய வகை என்றால் கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு குழுவிடமிருந்தும் ஒரு தாள் வாங்குங்கள்: எத்தனை பேர், யார் எங்கே நிற்பார், எத்தனை மைக், எந்த வாத்தியத்துக்கு மைக் இல்லாமல் மிக்சருக்கு நேரடி இணைப்பு, யாருக்கு மின்செருகி எந்தப் பக்கம். கீபோர்டுக்காரர் இரண்டு என்று அன்று மாலைதான் தெரிந்தால், அந்த ஒரு விஷயம் கால்மணி நேரத்தைத் தின்றுவிடும்.

அடுத்தது அரங்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 120 பேர் கொள்ளும் இடத்தில் 25 பேர் நிற்பது கண்ணுக்கு மட்டும் வெறிச்சோடித் தெரியும் விஷயம் இல்லை. காதுக்கும் அது வேறு அரங்கு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன், 1890களில், பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலித்த ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலையை ஏற்றார். பல்கலைக்கழகத்தின் இன்னொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: அரங்கின் கன அளவை (கன மீட்டரில்) 0.161 ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வரும். நிற்கும் மனிதர் ஒருவர், உடையோடு சேர்த்து, ஒலியை முழுதும் விழுங்கும் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் பரப்புக்குச் சமமாக ஒலியை உறிஞ்சுவார்.

உங்கள் அரங்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 384 கன மீட்டர். வெறும் சுவரும் தரையுமாக 45 சதுர மீட்டர் உறிஞ்சல் இருந்தால், ஆளில்லாத அரங்கில் ஒலி அடங்க சுமார் 1.4 விநாடி. 25 பேர் வந்தால் 1.1. அரங்கு நிறைந்தால் 0.6 அல்லது 0.7. டிரம்ஸும் பேஸும் உள்ள குழுவுக்கு அந்தக் கடைசி எண்தான் தோதானது. 1.1 விநாடியில் ஒரு அடியின் வால் அடுத்த அடியின் தலையில் ஏறி உட்காரும். பாட்டின் சொற்கள் கூழாகிவிடும். உங்கள் குழுக்கள் பாடுவது சொந்தப் பாட்டு. தெரிந்த பாட்டென்றால் கேட்பவர் மனதுக்குள்ளேயே சொற்களை நிரப்பிக்கொள்வார். புதுப் பாட்டில் சொல் கேட்கவில்லை என்றால் அவருக்குப் பாட்டே கேட்கவில்லை. ஆள் குறைவு, அதனால் ஒலி மோசம், அதனால் இன்னும் ஆள் குறைவு: முதல் மாதம் 70 பேரோடு ஓரளவு நன்றாக ஒலித்த இடம், ஒவ்வொரு மாதமும் மோசமாகிக்கொண்டே வந்திருக்கும்.

இதற்குச் செலவு குறைந்த வழி கனமான துணி. மேடைக்குப் பின்சுவரிலும், எதிரே இருக்கும் சுவரிலும் திரை தொங்கட்டும். சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் பாதி வீண். ஒரு சாண் தள்ளி, சுவர் அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணியை மடிப்பு மடிப்பாக விட வேண்டும். மெல்லிய பளபளப்புத் துணி எதற்கும் உதவாது. டிரம்ஸுக்கு அடியில் தடித்த கம்பளம் ஒன்று. ஒலிக்கும் நல்லது, பெடலும் நகராது. முடிந்தால் அரங்கையே சுருக்கிவிடுங்கள்: மூன்றில் ஒரு பங்கைத் திரையால் மறைத்து, மேடையை முன்னால் இழுத்துப் போடுங்கள். சுருங்கிய இடத்தில் 30 பேர் நின்றால் அது கச்சேரி. 120 பேர் இடத்தில் அதே 30 பேர் நின்றால் வந்தவருக்கே தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று இருக்கும். திரையோ சாமானோ வெளியேறும் கதவை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; தீப்பிடிக்காத வகைத் துணிதான் வேண்டும் என்று அரங்கின் விதி சொன்னால், அதுதான்.

மேடைக்கு முன்னால் எப்போதும் ஒரு அரைவட்டம் காலியாகக் கிடக்கிறதா? வெட்கம் பாதிக் காரணம். மீதிப் பாதி வெளிச்சமும் சத்தமும். தரையில் விளக்கு பளிச்சென்று அடித்தால் யாரும் அதில் போய் நிற்க மாட்டார்கள். முன்பகுதியை இருட்டாக்கி, மேடைக்கு மட்டும் ஒளி கொடுங்கள். ஸ்பீக்கர் மார்பளவு உயரத்தில் இருந்தால் முன்னால் நிற்பவர் காது கிழியும், பின்னால் நிற்பவருக்கு மேல்ஸ்தாயி போய்ச் சேராது, ஏனென்றால் நடுவில் உள்ள உடல்கள் அதை விழுங்கிவிடும். ஸ்பீக்கரைத் தாங்கியில் ஏற்றித் தலைக்கு மேலே, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். பக்கவாட்டில் பத்துப் பதினைந்து நாற்காலியும் போடுங்கள். மூன்று மணி நேரம் நிற்க முடியாதவர்களும் இசை கேட்கிறார்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை, சின்ன அரங்கில் அளவைத் தீர்மானிப்பவர் மிக்சரில் உட்கார்ந்திருப்பவர் இல்லை, டிரம்மர். அவர் ஓங்கி அடித்தால் கிட்டார் ஏறும், கிட்டார் ஏறினால் பேஸ் ஏறும், கடைசியில் பாடுபவர் எல்லோருக்கும் மேலே ஏற முயல்வார், மைக் கூவும். உங்கள் அளவு அரங்கில் டிரம்ஸுக்கு, கிக் எனும் பெரிய டிரம் தவிர, வேறு மைக் தேவைப்படுவது அபூர்வம். பாடுபவர் சிம்பலுக்கு நேர் முன்னால் நின்றால், குரலை ஏற்றும்போதெல்லாம் அதே மைக் வழியாகச் சிம்பலும் ஏறும். அவரை ஒரு மீட்டராவது பக்கவாட்டில் நகர்த்துங்கள். கிட்டார் ஆம்ப் தரையில் இருந்தால் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் கேட்கும், அவர் திருகிக்கொண்டே போவார். அதைச் சாய்த்தோ, ஒரு பெட்டிமேல் ஏற்றியோ அவர் காதைப் பார்க்க வையுங்கள், சொல்லாமலே குறைப்பார். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பாடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பின்பக்க ஒலியைத் தள்ளுவதற்காக மைக்கில் உள்ள துளைகளை அந்தக் கை அடைத்துவிடுகிறது. அதன்பின் எதிரே உள்ள மானிட்டரின் (பாடுபவருக்குத் தன் குரலைக் கேட்கவைக்கும் ஸ்பீக்கர்) ஒலி முழுக்க உள்ளே வரும், கூவலும் கூடவே வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அது உச்சவரம்பு, எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிக்சர் பக்கத்தில் ஒரு அளவு மானி இருக்கட்டும். வாசலில் காதடைப்பான் பஞ்சு ஒரு டப்பா வையுங்கள். மறுநாள் காலை காதில் ரீங்காரத்தோடு எழுந்தவர் அடுத்த மாதம் யோசிப்பார்.

இனி குழுக்கள். ஒரே ஊரில் ஒரு குழு மாதத்துக்கு இரண்டு இடத்தில் வாசித்தால், நண்பர்கள் ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்றுதான் சொல்வார்கள். ஒரு குழுவுக்கும் அதன் அடுத்த மேடைக்கும் நடுவே 6 முதல் 8 வாரம் இருக்கட்டும் என்று பேசி வையுங்கள். மூன்று குழுவும் ஒரே நட்பு வட்டத்திலிருந்து வந்தால், மூன்று குழுவின் கூட்டம் என்று நீங்கள் எண்ணுவது ஒரே கூட்டத்தைத்தான். ஒன்றாவது வேறு வகையாக இருக்கட்டும்: தனியாகப் பாடுபவர், வாத்திய இசை மட்டும் வாசிப்பவர், மாணவர் குழு. மாணவர் குழு என்றால் பெற்றோரும் வருவார்கள், அவர்களுக்கும் மேற்சொன்ன நாற்காலி உதவும்.

நண்பர்களோடு சேர்ந்து கூட்டமும் கிளம்புவதைத் தடுக்க ஒரு எளிய வழி, அதிகம் பேரை அழைத்து வரும் குழுவை நடுவில் போடுவது. அவர்களுக்காக வருபவர் நேரத்துக்கு வந்தால் முதல் குழுவின் வாலையும், உடனே கிளம்பாவிட்டால் கடைசிக் குழுவின் தலையையும் கேட்பார். எல்லாக் குழுவும் இரவு முடியும்வரை இருக்க வேண்டும் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், பணமும் முடிவில்தான் தரப்படும் என்று சேர்த்து. மேடையில் ‘எனக்கு முன்னால் வாசித்தவர்கள்’ என்று பெயர் சொல்லிப் பேசும் குழுவை மறுபடி கூப்பிடுங்கள். தன் பாட்டு முடிந்ததும் காணாமல் போகும் குழு எவ்வளவு நன்றாக வாசித்தாலும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

விளம்பரத்தில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 200 ‘வருகிறேன்’ என்பதை ஆள்கணக்காக எடுக்காதீர்கள். ‘இந்தத் தகவலைப் பார்த்தேன்’ என்பதைத் தாண்டி அதற்கு அர்த்தமில்லை. குழுவின் பெயரை மட்டும் போட்டால் அது ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் சேதி. பெயருக்குக் கீழே ஒரு வரி: ‘இரண்டு கிட்டார், ஒரு வயலின், மெதுவான நீண்ட பாட்டுகள்’. அவ்வளவுதான். 40 விநாடி நேரடிக் காணொளி ஒன்று, படம் சுமாராக இருந்தாலும் குரல் தெளிவாக இருக்க வேண்டும். நான்கு வாரம் முன்பு தேதி, இரண்டு வாரம் முன்பு காணொளி, மூன்று நாள் முன்பு நேர அட்டவணை, அன்று காலை ஒரு நினைவூட்டல். இவை எல்லாவற்றையும்விட வலியது, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குப் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்பும் செய்தி. ஊரில் நிகழ்ச்சி நடத்தும் மற்றவர்களோடு ஒரு பொது நாட்காட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு கச்சேரி மோதி, இரண்டிலும் ஈயடிப்பது மூடத்தனம்.

இலவசமாக்க வேண்டாம். பணம் கொடுக்காத இடத்துக்குப் போகாமல் இருக்க ஒரு தூறல் போதும். முன்கூட்டி எடுத்தால் ஒரு விலை, வாசலில் சற்றுக் கூடுதல் என்று வைத்தால், எத்தனை பேர் வருவார்கள் என்பதும் முன்பே ஓரளவு தெரியும். விருந்தினர் பட்டியலைக் குழுவுக்கு இருவர் என்று கட்டுப்படுத்துங்கள். வசூலில் முதலில் அரங்கு வாடகை, பிறகு சவுண்ட் இன்ஜினியர், மீதியில் உங்களுக்கும் குழுக்களுக்குமான பங்கு. என்ன விகிதம் என்பதை முன்பே எழுத்தில் கொடுத்து, அன்றிரவே டிக்கெட் எண்ணிக்கையோடு கணக்கைக் காட்டுங்கள். தொகை சிறிதாக இருப்பதைக் குழுக்கள் மன்னிக்கும், கணக்கு தெரியாததை மன்னிக்காது. ‘ஆளுக்கு 30 டிக்கெட் விற்றுக் கொடுத்தால் மேடை’ என்ற வழிக்குப் போகவே போகாதீர்கள். அதில் நன்றாக வாசிப்பவர்களைவிட உறவினர் அதிகம் உள்ளவர்கள்தான் மேடையேறுவார்கள். ஒலிப்பதிவு, சட்டை போன்றவற்றைக் குழுக்கள் விற்க வாசலருகே, வெளிச்சத்தில் ஒரு மேசை போடுங்கள். அந்தப் பணத்தில் பங்கு கேட்காதீர்கள்.

மேடையில் பேசுவது பற்றி ஒன்று. வராதவர்கள் மேல் உள்ள கோபத்தை வந்தவர்களிடம் காட்டுவது இந்த வட்டாரத்தில் தொற்றுநோய்போல் இருக்கிறது. ‘இவ்வளவு பேர்தானா’, ‘யாருமே முன்னால் வர மாட்டீர்களா’ என்று மைக்கில் கேட்டால், பணம் கொடுத்து வந்த எட்டுப் பேரும் தாங்கள் எண்ணிக்கையில் சேர்த்தி இல்லை என்று புரிந்துகொள்வார்கள். எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேருக்கு வாசிக்க வேண்டியதுதான். தனியாக வந்து சுவரோரம் நிற்பவரிடம் உங்களில் ஒருவர் போய், அடுத்து வாசிக்கப்போவது யார் என்று இரண்டு வார்த்தை பேசினால், அவருக்கு அந்த இடத்தில் ஒரு ஆள் தெரியும்.

மாதம் விடுவது பற்றி: சொல்லாமல் விட்டால் நின்றுபோய்விட்டது என்றுதான் ஊர் நினைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள், ஆனால் கிழமையை மாற்றாதீர்கள். ‘இரண்டாவது வெள்ளி’ என்றால் எப்போதும் இரண்டாவது வெள்ளி. கிடைக்கும் கூடுதல் நான்கு வாரம் திரைத் துணிக்கும் குழுத் தேர்வுக்கும் சரியாக இருக்கும். வாசல் நோட்டில் விருப்பமுள்ளவர்களின் எண்ணையும் அனுமதி கேட்டு வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்த இரண்டு நாளுக்குள் அவர்களுக்கு ஒரு படமும் அடுத்த தேதியும் போக வேண்டும், நடுவில் வேறு தொந்தரவு கூடாது. அந்தத் தேதியை மேடையிலும் சொல்லுங்கள், கடைசிக் குழுவின் கடைசிப் பாட்டுக்குச் சற்று முன்பு. பாட்டு முடிந்தபின் சொன்னால் விளக்கு எரிந்திருக்கும், எல்லோரும் பையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.